வெள்ளிக்கிழமை பட்டன்

வளைகாப்பு முடிந்த அன்று சாயங்காலமே கீபோர்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். ஒரு வரி அடித்தால் வீடு முழுக்கச் சத்தம் கேட்டது. பந்தியில் இருந்த உறவுக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். "இன்னாடி இது, ஒம் பொண்ணு வளையல் போட்ட கையோட ஆபீஸ் வேல பாத்துக்கினு கீது?" என்று அத்தை ஒருத்தி அம்மாவிடம் கேட்டாள். ஆபீஸ் வேலையாக இருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்திருப்பேன். இது என் சர்வர். மறுநாள் காலையில் என்னைப் பிரசவத்துக்காக நைனார்பாளையத்துக்கு, அம்மா வீட்டுக்கு, அழைத்துப் போகப் போகிறார்கள். அதற்குள் அந்த சர்வர் நான் இல்லாமல் ஓடக் கற்றுக்கொண்டாக வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு அதைத் தொடவே முடியாது. அம்மா அதை எப்போதோ தீர்மானித்துவிட்டாள். "பச்ச ஒடம்புக்காரி வெளிச்சத்த உத்துப் பாத்தா கண்ணு கெட்டுப் போயிடும். டிவி கெடையாது, செல்லு கெடையாது, அந்தப் பொட்டியும் கெடையாது. காதுல பஞ்ச வச்சிக்கினு பேசாம படுத்துக் கெடக்கணும்." நான் சென்னையில் கம்பெனி ஒன்றில் சர்வர் பார்த்துச் சம்பளம் வாங்கியவள். எத்தனையோ மேனேஜர்களிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அம்மாவிடம் அந்த வாய் செல்லாது.

இந்த சர்வர் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்த புதிதில் நானும் என் கணவரும் கரியாலூருக்கு அருவி பார்க்கப் போனோம். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் மரவள்ளிக்கிழங்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாளாம். மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் கீழே கச்சிராப்பாளையத்திலேயே நின்றுவிட்டது. கீழே எல்லாருக்கும் தெரியும். அவளுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. அவளிடம் பட்டன் போன் இருந்தது, அதில் பேச சிக்னலும் இருந்தது. "பஸ்ஸு வராதுன்னு யாராச்சும் சொல்லியிருந்தா மூட்டைய வூட்டுலயே வச்சிட்டு வந்திருப்பேனே" என்று சொல்லிவிட்டு, மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியாமலே வழியெல்லாம் என் கணவரைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் எங்கள் லைன். மலையில் யார் வேண்டுமானாலும் ஒரு நம்பருக்குப் போன் போட்டால் ஒரு குரல் பேசும்: இன்றைக்கு பஸ் உண்டா, பாதை எப்படி, ரேஷன் கடை திறக்கிறார்களா. பேசுகிறவர் கரியாலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அந்த மலைக்காரரே. பஸ் கிளம்பும்போது கண்டக்டர் அவருக்கு விஷயத்தைச் சொல்லிவிடுவார். சார் அதை ஒரு தடவை போனில் பேசி ஏற்றினால், அதன் பிறகு கூப்பிடுகிற எல்லாருக்கும் அதுவே கேட்கும். பஸ் ஸ்டாப்புக்கு வீணாக நடப்பது நின்றது. "லைன் இன்னா சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டை கட்டுகிறார்கள் என்று சார் சொன்னபோது, நான் கரண்டியும் கையுமாகச் சமையலறையில் ஆடினேன்.

குரலைப் பிடித்து வைத்துப் பேச வைக்கும் வேலையை ஒரு பழைய கம்ப்யூட்டர் செய்தது. அதில் லினக்ஸ் போட்டிருந்தேன். காசு கொடுக்க வேண்டாம், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் உள்ளே நுழைந்து வேலை பார்க்கலாம், தப்பு செய்தால் முகத்துக்கு நேராகச் சொல்லும். என் குணத்துக்கு ஒத்துப்போகிற பிராணி. பக்கத்தில் சிம் கார்டு செருகிய சின்னப் பெட்டி. இரண்டும் எங்கள் தெருவுக்கு அடுத்த கடைத்தெருவில், மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றின் மாடியில் இருந்தன. கடைக்காரர் பாய். "மலை ஜனங்க மோட்டார் ரிப்பேருக்கு நம்ம கடைக்குத்தாம்மா வருவாங்க. ரூமு சும்மாதானே கெடக்குது, வச்சிக்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். வாடகைப் பேச்சையே எடுக்க விடவில்லை.

பாயிடம் ஒரு வழக்கம் உண்டு. ராத்திரி கடை மூடும்போது ஒவ்வொரு மெஷினாக நின்று பார்த்து அணைப்பார். வெள்ளிக்கிழமை மதியம் அப்படி முடியாது. பாங்கு சொன்னதும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு எல்லாரும் ஜும்மாவுக்கு ஓடுவார்கள். எதையாவது ஓடவிட்டுப் போய்த் தீப்பிடித்துவிடுமோ என்று, பாய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு ஷட்டரைப் போடுவார். தொழுகை, அப்புறம் பிரியாணி, அப்புறம் ஒரு குட்டித் தூக்கம். பிறகுதான் கடை திறக்கும். வெள்ளிக்கிழமை கடை திறக்கும் அந்த நேரத்துக்குத்தான் நானும் காய்கறி வாங்கக் கடைத்தெருவுக்குப் போவேன். போகிற வழியில் மாடிக்கும் ஒரு எட்டு போய்விட்டு வருவேன்.

சரி, ஆள் சேர்த்த கதைக்கு வருகிறேன். லினக்ஸ் பைத்தியங்கள் தமிழில் பேசிக்கொள்கிற இணையக் குழு ஒன்று இருக்கிறது. வயிறு பெரிதாகத் தொடங்கியதும் அதில் எழுதினேன்: "மலைக்கு ஒரு போன் லைன் நடத்துகிறோம். சர்வரைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். சம்பளம் கிடையாது. என்னிடம் திட்டு கிடைக்கும்." இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தியாகதுருகத்துக்காரர், துபாயில் வேலை. அவரை அண்ணன் என்றேன். இன்னொருவர் கோயம்புத்தூரில் கல்லூரிப் பேராசிரியை. அவர் மேடம். கல்வராயன் மலையை இருவருமே சரியாகப் பார்த்ததில்லை. அண்ணன் சின்ன வயதில் ஒரு டூர் வந்திருக்கிறாராம், வாந்தி எடுத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம்.

அதுவரை நான் ஒருத்திதான் எஜமானி, ஒரே பாஸ்வேர்டு. அதை மூன்று பேருக்கும் கொடுத்துவிட்டால் வேலை சுலபம். நாளைக்கு ஏதாவது உடைந்தால் யார் கை வைத்தார்கள் என்று மட்டும் தெரியாது. ஆகவே அவரவருக்குத் தனிக் கணக்கு, அவரவருக்குத் தனிச் சாவி. இதில் சாவி என்பது ஒரு ஜோடி. ஒன்று பூட்டு மாதிரி, அதை ஊருக்கே காட்டலாம். சர்வரில் மாட்டிவிடுவேன். இன்னொன்றுதான் உண்மையான சாவி. அது அவரவர் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வரவே கூடாது. இதை மூச்சு வாங்க வாங்க விளக்கி முடித்தேன். உடனே அண்ணன், "இந்தா தங்கச்சி" என்று சாவியை எங்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டார். பூட்டை அனுப்ப மறந்துவிட்டார்.

நான் கத்திய கத்தலுக்கு மாமியார் ஓடி வந்தார். "அண்ணே, வூட்டுச் சாவிய பஸ் ஸ்டாண்டுல மாட்டி வைப்பீங்களா?" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அவர் புது ஜோடி செய்து, இந்தத் தடவை சரியானதை அனுப்பிவிட்டு, "திட்டு கெடைக்கும்னு சொன்னே, ஆனா இவ்ளோ ஜாஸ்தியா கெடைக்கும்னு சொல்லல" என்று பதில் போட்டார். மேடம் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டார். எனக்கு அந்த நிமிஷம் இருவரையும் பிடித்துப்போனது.

மூன்று பேரின் பூட்டும் மாட்டியானதும், பாஸ்வேர்டு போட்டு நுழைகிற வழியையே அடைத்தேன். பிறகு இருவரையும் வேலை வாங்கினேன். வேண்டுமென்றே லைனை நிறுத்துவேன், அவர்கள் கண்டுபிடித்து ஓடவைக்க வேண்டும். இருப்பதிலேயே பயமான பாடம் காவல் விதிகளை மாற்றுவது. சர்வருக்குள் எந்தக் கதவு வழியாக யார் வரலாம் என்று அந்த விதிகள்தான் சொல்லும். நாம் வந்த கதவையே தெரியாமல் மூடிவிட்டால் நாமும் வெளியே, மற்றவர்களும் வெளியே. அப்புறம் ஒருவர் நேரில் போய் உட்கார்ந்துதான் திறக்க வேண்டும். அதனால் ஒரு கட்டளை போட்டேன்: விதியைத் தொடுவதற்கு முன்னால், "கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடு" என்று சர்வரிடமே சொல்லி வைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் அதை ரத்து செய்யலாம்.

அண்ணன் அப்படிச் சொல்லி வைத்துவிட்டு விதியை மாற்றினார். நான் பயந்த மாதிரியே கதவு மூடிக்கொண்டது. கோவையிலிருந்து மேடம் தட்டினார், திறக்கவில்லை. நான் தட்டினேன், திறக்கவில்லை. பாவம், துபாயில் அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கும். திடீரென்று கதவு தானாகத் திறந்தது! "தொறந்துக்கிச்சு, தொறந்துக்கிச்சு!" என்று அண்ணன் போட்ட சத்தம் போனைத் தாண்டித் தெருவுக்கே கேட்டிருக்கும். நானும் ஒரு குதி குதித்தேன். "வயித்துப் புள்ளக்காரி குதிக்கறாளே!" என்று மாமியார் தலையில் கை வைத்தார். என் சர்வரைத் துபாயில் ஒருவர் கெடுத்து, அது தானாகவே எழுந்ததைப் பார்த்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வளைகாப்பு அன்று சாயங்காலம் நான் செய்தது கடைசிச் சரிபார்ப்பு. நான் இல்லாமலும் ஓடும் என்று உறுதியாகத் தோன்றியது. பிரசவம் வரைக்கும் ஒரு விரல் வைக்கமாட்டேன் என்று குழுவில் சத்தியம் செய்துவிட்டு நைனார்பாளையம் போனேன். அங்கே லேப்டாப்பைத் திறக்கவில்லை. சார் பேசுவதை மட்டும் தினமும் போன் போட்டுக் கேட்டேன். பெருமையில் சோறு இறங்கவில்லை.

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. குழந்தைக்கும் என்னைப் போலவே பொறுமை கிடையாது போலிருக்கிறது. அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, முதல் வெள்ளிக்கிழமை காலையிலேயே வலி எடுத்துவிட்டது. அம்மா ஒரு வண்டி பிடித்தாள். சின்னசேலம் தாண்டிக் கள்ளக்குறிச்சியை நெருங்கும்போது கல்வராயன் மலை கண்ணில் படவில்லை. அந்தப் பக்கம் முழுக்கக் கருமேகம். மேலே பேய்மழையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வண்டி ஊருக்குள் நுழைந்ததும் பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது.

"பட்டன்!" என்று கத்தினேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா, வலிக்குதா?"

"பட்டன் மா! பாய் மெயின இறக்கிடுவாரு!"

மெயினை இறக்கினால் சர்வர் படுத்துவிடும். கூட ஒரு சின்ன பேட்டரி வைத்திருந்தேன். சாதாரண கரண்ட் கட்டுக்குத் தாங்கும், பாயின் பிரியாணிக்கும் தூக்கத்துக்கும் தாங்காது. கரண்ட் திரும்பி வந்தாலும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் தானாக எழுந்திருக்காது. யாராவது பட்டனை அழுத்த வேண்டும். வாராவாரம் அழுத்தியது நான். காய்கறிப் பையோடு மாடியேறி, விரலால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு இறங்கிவிடுவேன். அதை ஒரு வேலையாகவே நினைக்காததால் யாரிடமும் சொல்லவில்லை. அது போதாதென்று, வெள்ளிக்கிழமை சர்வர் கொஞ்ச நேரம் காணாமல் போவதைப் பார்த்த அண்ணனும் மேடமும், அது நான் வாராவாரம் செய்கிற பராமரிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை மேடம் அப்படிச் சொன்னபோது, பெரிய நிர்வாகி போல இருக்கட்டுமே என்று நானும் "ம்" போட்டு வைத்தேன். இப்போது லைன் செத்துக் கிடந்தாலும் அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். மலையில் மழை கொட்டுகிறது. யாரோ ஒருத்தி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடக்கப் போகிறாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம் கடத்தெரு பக்கமா வண்டிய வுடுங்க!" என்று டிரைவரிடம் கெஞ்சினேன்.

"கொழந்த பொறக்கற நேரத்துல கடத்தெருவாம்! நீ ஆஸ்பத்திரிக்கு வுடுப்பா" என்றாள் அம்மா.

"அப்ப போனையாச்சும் குடு மா!"

"போனு பையில கீது. பை டிக்கியில கீது. மூச்ச இழுத்து வுடு."

பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவைத் திட்டினேன், பாயைத் திட்டினேன், பிரியாணியைத் திட்டினேன். டிரைவர் பயந்துபோய் ஹாரனில் கை வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பெண் குழந்தை பிறந்தது. அவளை என் மேல் போட்டபோது எனக்குச் சர்வரும் ஞாபகம் இல்லை, மலையும் ஞாபகம் இல்லை. சிவப்பாக, கோபமாக, கையை முறுக்கிக்கொண்டு அழுதாள். அப்படியே என் ஜாடை என்றார்கள். வார்டுக்கு வந்து, அம்மா என் காதில் பஞ்சு வைத்து, தலையோடு துணியைச் சுற்றிய பிறகுதான் மறுபடி நினைவு வந்தது. ஜன்னலுக்கு வெளியே கள்ளக்குறிச்சியிலும் மழை பிடித்திருந்தது. மலையில் அந்த மூட்டைக்காரி பஸ் ஸ்டாப்புக்குப் போய் வந்திருப்பாளோ, நனைந்துகொண்டு நிற்கிறாளோ என்று மனசு அடித்துக்கொண்டது.

"அம்மா, லைனுக்கு ஒரு போன் போட்டுக் குடு மா."

"செல்லு கெடையாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"உன் பட்டன் போன்ல போடு. அதுல உத்துப் பாக்க இன்னா கீது? காதுல மட்டும் வச்சிக்கறேன்."

அம்மா யோசித்தாள். சட்டத்தில் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நான் சொன்ன நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினாள். ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு அவளே போனை என் காதில் வைத்துப் பிடித்தாள். ரிங் போனது. ரிங் போனாலே பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் சாரின் குரல் வந்தது.

"கரியாலூரு பக்கத்து ஜனங்க கேட்டுக்குங்க. ஏத்தத்துல மண்ணு சரிஞ்சி கெடக்குது, இன்னிக்கு சாயங்கால பஸ்ஸு கச்சிராப்பாளையத்தோட நின்னுடும். ஸ்டாப்புக்கு யாரும் வர வேணாம். வூட்டுலயே இருங்க."

இன்றைக்குப் பேசியது! அதுவும் மதியத்துக்குப் பிறகு பேசியது! "யாரு மா அழுத்துனாங்க? யாரு?" என்று எழுந்து உட்காரப் போனேன். "படுடி!" என்று அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். பஞ்சு திரும்பவும் காதுக்குப் போனது.

மறுநாள் என் கணவர் குழுவில் வந்ததையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினார். முதலில் சார்தான் எழுதியிருந்தார்: "மண் சரிந்துவிட்டது, செய்தி ஏற்றலாம் என்று பார்த்தால் லைன் கிடைக்கவில்லை." அண்ணன் பதில் போட்டிருந்தார்: "இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார். தங்கச்சி பராமரிப்பு பண்ணும். கொஞ்சம் பொறுங்க." அதற்குக் கீழே மேடம்: "அவங்க பிரசவத்துக்குப் போயிருக்காங்களே. அப்போ பராமரிப்பு பண்றது யாருங்க?" அதற்கு அப்புறம் எழுத்தே இல்லை, எல்லாம் போன்தான். என் கணவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு பாயின் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அண்ணன் துபாயிலிருந்து பாயைப் பிடித்தபோது அவர் இலை முன்னால் உட்காரப் போய்க்கொண்டிருந்தாராம். "மெயின இறக்குனா அதுவும் படுத்துக்குமா? இத்தினி நாளா எனக்கு யாரும் சொல்லலியே!" என்று அப்படியே எழுந்து, மழையில் நனைந்துகொண்டே போய் ஷட்டரைத் தூக்கி, மெயினைப் போட்டு, மாடியேறிப் பட்டனை அழுத்தியிருக்கிறார்.

அதோடு விட்டார்களா? இந்தப் பட்டனை ஏன் ஒரு மனுஷன் வந்து அழுத்த வேண்டும் என்று மேடம் கேட்டிருக்கிறார். கரண்ட் வந்ததும் தானாக எழுந்திரு என்று அந்தக் கம்ப்யூட்டரிடமே சொல்லி வைக்கலாம். ஆனால் அதைத் தூரத்திலிருந்து செய்ய முடியாது, எதிரில் உட்கார்ந்துதான் மாற்ற முடியும். செய்தியை ஏற்றி முடித்ததும் பாயையே உட்கார வைத்துவிட்டார்கள். பாய் ஒரு கையில் வீடியோ கால் போட்ட போனைத் திரைக்கு நேராகப் பிடித்தார். மேடம் திரையில் இருப்பதைப் படித்துச் சொன்னார். அண்ணன், "கீழ் அம்புக்குறி பாய், இன்னும் கீழ, இன்னும் ஒண்ணு, ஆங், அதான்!" என்று துபாயிலிருந்து கத்தினார். மாற்றி முடிந்ததும் சோதித்துப் பார்க்க மெயினை இறக்கி ஏற்றிக்கூடப் பார்த்தார்களாம்.

கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைக் கேட்காமல் என் சர்வரில் என்னென்ன செய்திருக்கிறார்கள்! நான் ஒரு நாளும் செய்ய நினைக்காததைச் செய்திருக்கிறார்கள். "பச்ச ஒடம்புக்காரி அழுவக் கூடாது" என்று அம்மா என் கணவரை வார்டை விட்டே துரத்தினாள். அவள் நினைத்த மாதிரி அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நைனார்பாளையத்தில் படுத்திருந்தேன். மாற்றியாகிவிட்டது என்று நூறு தடவை சொன்னாலும் என் புத்தி நம்ப வேண்டாமா? மதியம் தாண்டியதும் அம்மாவைத் தொந்தரவு செய்தேன். அவள் நம்பரை அழுத்திக் காதில் வைத்தாள். அழைத்த எண் தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. பாய் தொழுகையில் இருப்பார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. அதே பெண் குரல். பிரியாணி. அதற்கும் கொஞ்சம் கழித்து இன்னொரு முறை கேட்டபோது அம்மாவே, "தூங்கி எழுந்திருப்பாரா உங்க பாயி?" என்றபடி நம்பரை நான் சொல்லாமலே அழுத்தினாள். அவளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டிருந்தது.

ரிங் போனது. என் வலது கை தன்னால் எழுந்து எதையோ அழுத்தப் பார்த்தது. முடியவில்லை. அந்த விரலைக் குழந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அழுத்த வேண்டிய தேவையும் இல்லை. காதில் சார் பேசத் தொடங்கிவிட்டார், பாதை சரியாகிவிட்டது, சாயங்கால பஸ் உண்டு, வரலாம் என்று.